இரவல் வாய்

மலையாளத்தில் பேசிய பிரசங்கியாரை மூன்று நாளாகத் தமிழில் மொழிபெயர்த்து மொழிபெயர்த்து வேதமுத்துவுக்குத் தொண்டை கட்டிப்போயிருந்தது. அவர் "நான்" என்றால் இவரும் "நான்" என்றுதான் சொல்ல வேண்டும். "கோபித்துக்கொண்டு போன என் மகன் திரும்பி வந்தான்" என்று அவர் தழுதழுத்தபோது இவரும் தழுதழுத்தார். பந்தல் முழுக்க அல்லேலூயா. வேதமுத்துவின் மகன் வீட்டைவிட்டுப் போய் எத்தனையோ கிறிஸ்துமஸ் கழிந்துவிட்டது. இரவல் வாய்க்கு ஏது சொந்தக் கதை?

கூட்டம் முடிந்து பிரசங்கியார் காரேறிப் போய்விட்டார். மேடைக்குக் கீழே செருப்பைத் தேடிக்கொண்டிருந்த வேதமுத்துவின் கையை ஒரு பெண் வந்து பிடித்துக்கொண்டாள்.

"ஒங்க மவன் வந்துட்டாம்லா ஐயா. எம் மவனும் வருவானா?"

வந்தது என் மகன் இல்லையம்மா என்று சொல்லத்தான் வாயெடுத்தார். அவள் பிடியை விடவில்லை. மூன்று நாள் பழக்கத்தில் வேதமுத்து அடுத்த வாக்கியத்துக்காகப் பக்கத்தில் திரும்பிப் பார்த்தார். அங்கே யாருமில்லை.

"வருவாம்மா" என்றார்.

சொன்ன பிறகுதான் அது அவர் காதிலும் விழுந்தது.