சின்னவனின் ஹெல்மெட்

"சட்டை இல்ல பாப்பா, வளர்ற பையனாச்சேன்னு ஒரு சுத்து பெருசா வாங்க. இது தலைக்குப் போடறது. ஸ்மால்தான்" என்றார் கடைக்காரம்மா.

மீடியம் ஹெல்மெட்டை வலது கையால் மட்டும் அணைத்துக்கொண்டு நின்ற பெரியவள் விடுவதாக இல்லை. "அவன் தலை பெருசு ஆன்ட்டி. பார்த்தா தெரியாது."

"நாடாவுக்குத் தெரியுமே." கடைக்காரம்மா அளவு நாடாவைச் சின்னவனின் புருவத்துக்கு இரண்டு விரல் மேலே வைத்து இன்னொரு முறை சுற்றினார். "அம்பத்தி நாலு. ஒரு நூல்கூட ஏறல."

அக்காவுக்குப் பதினாலு, தம்பிக்குப் பதிமூணு. இரண்டு பேரும் ஒரே உயரம். அப்பா லிஃப்ட் மெக்கானிக். வேலை உடுப்போடு நேராகக் கடைக்கு வந்து மூலை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அதிகம் பேசுகிற மனிதர் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பி.எம்.எக்ஸ் சைக்கிள் பந்தயம். அதற்குள் முகம் முழுக்க மூடுகிற பந்தய ஹெல்மெட் ஒன்று சரியான அளவில் வாங்கியாக வேண்டும். அதற்காகத்தான் அரை நாள் லீவு போட்டிருந்தார்.

"பழசு என்ன ஆச்சு சார்?"

"போன வாரம் மூணாவது மேட்டுல தூக்கி அடிச்சிடுச்சு. ஹெல்மெட் விரிசல் விட்டுடுச்சு. உள்ள இருந்த தலை தப்பிச்சுது." அப்பா ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நான் வேலிக்கு அந்தப் பக்கம் நின்னேன். சுத்திக்கிட்டு ஓடி வர்றதுக்குள்ள இவன் ஹெல்மெட்டைக் கையில வெச்சுக்கிட்டு நிக்கறான். மேல ஒரு கீறல் இல்ல."

"கெட்டிக்காரன்தான்" என்று சின்னவனின் தோளில் தட்டினார் கடைக்காரம்மா. கெட்டிக்காரன் ஏனோ அலமாரியில் தொங்கிய கையுறைகளை எண்ண ஆரம்பித்தான்.

"பாப்பாவும் ஓட்டுமா?"

"ஓட்டிக்கிட்டிருந்தா. ரெண்டு வருஷம் முன்னாடி விழுந்து தோள்பட்டை எலும்பை உடைச்சுக்கிட்டா. அன்னைக்கோட போதும்னு சொல்லிட்டேன். சைக்கிள் தம்பிக்குப் போயிடுச்சு."

பெரியவள் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஹெல்மெட்டின் உள்பஞ்சைக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தாள். ஆசை என்றால் அப்படி ஓர் ஆசை அந்த முகத்தில். பார்க்கிறவர்களுக்கே என்னவோ போலிருக்கும்.

கடைக்காரம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. "சும்மா போட்டுத்தான் பாரேன்."

"எனக்கெதுக்கு ஆன்ட்டி" என்றாள், அப்பா இருந்த பக்கம் பார்க்காமல்.

ஸ்மால் ஹெல்மெட் சின்னவன் தலையில் இறங்கியது. கன்னம் இரண்டும் உப்பி, உதடு குவிந்துகொண்டது.

"பேசு தம்பி. கன்னத்தைக் கடிச்சுக்கற மாதிரி இருக்கா?"

"ம்ம்."

"அப்படித்தான் இருக்கணும்." அவர் தாடைப் பக்கத்தைப் பிடித்து ஆட்டினார். ஹெல்மெட்டோடு தலை ஆடியது, தலையோடு பையனே ஆடினான். தாடை வாரைப் பூட்டி, இடையில் ஒரு விரலை விட்டுப் பார்த்தார். "பாருங்க சார், நெத்தித் தோலும் சேர்ந்து அசையுது. இதைவிடப் பொருத்தம் எங்கயும் கிடைக்காது."

"வலிக்குது" என்றான் சின்னவன்.

"வலிக்குதாம்" என்றாள் அக்கா அவசரமாக. "மீடியத்தைப் போட்டுப் பாருங்களேன்."

போட்டார். ஆட்டினார். ஹெல்மெட் மட்டும் ஒரு பக்கமாகத் திரும்பிக்கொண்டது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு காது எட்டிப் பார்த்தது.

"இது கச்சிதமா இருக்கு" என்றது உள்ளேயிருந்து ஒரு குரல்.

கடைக்காரம்மா விழுந்து விழுந்து சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. "இப்படி லூசா இருக்கறதோட விழுந்தா என்ன ஆகும்?"

"போடாம விழுந்த மாதிரிதான் சார்."

"சின்னதா இருந்தா?"

"அது இன்னும் மோசம். முழுசா இறங்காம மேலயே உட்கார்ந்துக்கும். நெத்தி திறந்து கிடக்கும். விழறப்ப முதல்ல அடி வாங்கறது அதுதான்."

அப்பா மகளைப் பார்த்தார். "நீ என்ன சொல்றே?"

"மீடியமே வாங்கலாம்ப்பா."

"ஏன்?"

அவள் வாயைத் திறந்தாள். தம்பி கையுறைகளை விட்டுவிட்டு அவளையே பார்த்தான். சைக்கிள் வேண்டும் என்று ஒரு வருஷம் கேட்டுக் கேட்டு, ஒவ்வொரு தடவையும் முடியாது என்றே பதில் வாங்கியவள் அவள். இன்னொரு முறை அதைக் கேட்கத் தெம்பில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒன்று மட்டுமாவது மிஞ்சட்டும் என்று நினைத்தாளோ என்னவோ, வாயை மூடிக்கொண்டாள்.

"ஒண்ணுமில்லப்பா. ஸ்மாலே இருக்கட்டும்."

மீடியத்தைத் திரும்ப அலமாரியில் வைத்தாள். வைத்த பிறகும் கையை எடுக்க அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

கடைக்காரம்மா ஸ்மாலைப் பெட்டிக்குள் வைத்து மூடப் போனார். அப்பா ஸ்டூலிலிருந்து எழுந்தார்.

"அது வேண்டாம்மா. எடுத்து வெச்சிடுங்க."

"ஏன் சார்? தம்பிக்கு அச்சுல வார்த்த மாதிரி இருக்கே."

அப்பா மேசைமேல் கிடந்த அளவு நாடாவை எடுத்து அவரிடம் நீட்டினார்.

"போன வாரம் தூக்கி அடிச்சப்ப, ஹெல்மெட்டுக்குக் கீழ நீளமா ஒரு பின்னல் பறந்துச்சு. அக்கா தலைக்கு அளவெடுங்க."