மாஸ்டர் கழுத்தில் ஒரு முடிச்சு

மூன்றாவது இழுப்பறையையும் கட்டிலில் கொட்டிப் பார்த்தாயிற்று. வாகிள் கிடைக்கவில்லை.

கூடத்தில் மாஸ்டரின் உடலைச் சாரணர் சீருடையில் கிடத்தியிருந்தார்கள். சட்டையைத் தேய்த்துப் போட்டாயிற்று. கழுத்தில் பச்சை ஸ்கார்ஃப் சுற்றியாயிற்று. அதன் இரண்டு முனைகளையும் சேர்த்துப் பிடிக்கும் தோல் வளையம், அந்த வாகிள்தான் இல்லை.

வாழ்நாளெல்லாம் சாரணர் படையை நடத்திய மனிதரை வாகிள் இல்லாமலா அனுப்புவது என்று பழைய ஆட்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். ஒருவர் தன் பிளாஸ்டிக் வாகிளைக் கழற்றி நீட்டினார். மாஸ்டரின் மனைவி வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு, மறுபடி முதல் இழுப்பறையைத் திறந்தார். படையில் எல்லோருக்கும் அவர் அண்ணி.

மியூசியம் கால்சட்டைப் பைக்குள் கையை விட்டபடி நின்றார். வாகிள் அவர் கைக்குள்தான் இருந்தது.

மியூசியம் என்பது படை அவருக்கு வைத்த பெயர். வாகிள் என்றால் உயிரை விடுவார். எலும்பில் செதுக்கியது, மரத்தில் கடைந்தது, தோலுக்குத் தட்டுப்பாடு வந்தபோது டயரை அறுத்துச் செய்தது என்று வீடு முழுக்க வாகிள். ஊர் ஊராகக் கண்காட்சி வைப்பார். கேட்டாலும் கேட்காவிட்டாலும் வரலாறு சொல்வார். பஸ்ஸில் அவர் பக்கத்து சீட் காலியாக இருந்தால், தெரிந்தவர்கள் நின்றுகொண்டே வருவார்கள்.

மாஸ்டர் இளவயதில் தன் கையால் பின்னிய வாகிள் இது. அவர் ஓய்வு பெற்றபின் கண்காட்சிக்கென்று இரவல் வாங்கிப் போன மியூசியத்துக்குத் திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை. மூட்டை கட்டும்போது எங்கேயோ தொலைந்துவிட்டது என்று கூசாமல் சொன்னார். மாஸ்டர் சரி என்றார். அதற்குமேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

தொலைந்த சேதியை மனைவியிடம்கூடச் சொல்லவில்லை போலிருக்கிறது. அதனால்தான் பாவம், இப்படித் தேடுகிறார். நினைக்க நினைக்க மியூசியத்துக்கு உடம்பெல்லாம் குறுகியது.

யாரும் பார்க்காதபோது இழுப்பறைக்குள் நழுவ விட்டுவிடலாம் என்றுதான் காலையில் பையில் போட்டுக்கொண்டு வந்தார். ஆனால் அண்ணி இழுப்பறையை விட்டு நகரவே இல்லை. இத்தனை பேர் முன்னால் எடுத்து நீட்டினால் ஊரே காறித் துப்பும்.

வாசலில் வண்டி வந்து நின்றது.

"வாகிள் எதுக்கு அண்ணி? ஆரம்பத்துல வாகிளே கெடையாது. எல்லாரும் ஸ்கார்ஃப்ல முடிச்சுதான் போட்டுக்கிட்டாங்க, வளையமெல்லாம் அப்புறம் வந்தது. அண்ணனுக்கும் அதே மாதிரி செஞ்சிருவோம்."

சொல்லும்போதே மியூசியத்துக்கு நாக்கு கூசியது. வாழ்க்கையில் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறார். இந்த உண்மை அளவுக்குக் கேவலமாக எதுவும் சொன்னதில்லை.

குனிந்து இரண்டு முனைகளையும் சேர்த்து முடிச்சுப் போட்டார். அழகாகத்தான் விழுந்தது. மாஸ்டரின் முகத்தைப் பார்க்காமலேயே போட்டார்.

விஷயம் தெரிந்த ஆள் கூட இருந்தால் இதுதான் என்று யாரோ தோளில் தட்டினார்கள். தட்டிய இடம் எரிந்தது. கை தானாகப் பைக்குள் போனது.

அண்ணி இழுப்பறையை மூடிவிட்டு வந்தார். முடிச்சை ஒருமுறை நீவிவிட்டார். பிறகு மியூசியத்துக்கு மட்டும் கேட்கும்படி பேசினார்.

"வெளியூர்ல நீங்க வச்ச கண்காட்சிக்குச் சொல்லாம வந்தாரு தம்பி. கண்ணாடிக்குள்ள அதைப் பாத்துட்டு, உங்ககிட்ட ஒண்ணும் கேக்காமத் திரும்பிட்டாரு. 'அவன்கிட்ட பத்திரமா இருக்கு, நான் போற அன்னிக்குக் கொண்டுவந்துருவான்'னு சொல்லிக்கிட்டே இருப்பாரு. நீங்க மெதுவா எங்கிட்ட வந்து கொடுத்துருவீங்கன்னுதான் இவ்வளவு நேரம் தேடுற மாதிரி நின்னேன்."

மியூசியத்துக்கு அங்கேயே செத்துப்போனால் தேவலை என்றிருந்தது.

தூக்க ஒரு ஆள் குறைகிறது என்று கூடத்தில் கூப்பிட்டார்கள். அவர் பையிலிருந்து வெறும் கையை எடுத்துக்கொண்டு போனார்.