கல்லை விழுங்கிய ஆக்ஸலாட்டல்

ஒரு கண்ணாடித் தொட்டியில் ஆக்ஸலாட்டல் ஒன்று இருந்தது. பார்க்க நாலு கால் முளைத்த மீன் மாதிரி இருக்கும். அதன் வாய் அமைப்பே சிரிக்கிற மாதிரிதான். அழுதாலும் சிரித்த மூஞ்சிதான்.

ஒருநாள் அது தீனியோடு சேர்த்து, தரையில் கிடந்த கூழாங்கல்லையும் உறிஞ்சி விழுங்கிவிட்டது.

"யோவ், நான் கல்லுய்யா!" என்று வயிற்றுக்குள்ளிருந்து கத்தியது கூழாங்கல். "நான் கரையவும் மாட்டேன், வெளியே போகவும் வழியில்ல. இப்படியே விட்டா நீ காலி."

"வலிக்குதுதான். ஆனா வளர்க்கிற அக்கா என் மூஞ்சியைப் பார்த்துட்டு, செல்லம் ஜாலியா இருக்குன்னு போயிடுறாங்களே."

"அப்ப சாப்பிடாதே. பயந்துபோய் டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போவாங்க."

நல்ல யோசனை. ஆக்ஸலாட்டல் வாயை இறுக்கி மூடிக்கொண்டது. அப்போது குண்டு மண்புழு ஒன்று அக்கா நீட்டிய இடுக்கியில் தொங்கிக்கொண்டே அதன் மூக்குக்கு நேராக வந்து நின்றது.

"அண்ணே, கல்லு சொல்றது ரொம்ப கரெக்ட்," என்றது மண்புழு. "உடம்புதான் முக்கியம். என்னைத் திருப்பி அனுப்பிடுங்கண்ணே."

"கண்டிப்பா தம்பி, இன்னைக்கு நான் பட்டினி" என்று சொல்லத்தான் ஆக்ஸலாட்டல் வாயைத் திறந்தது. திறந்த வேகத்தில் தண்ணீரும் மண்புழுவும் சர்ரென்று உள்ளே போய்விட்டன.

"சமத்து! எப்படிச் சாப்பிடுது, சிரிக்குது பாரு!" என்று வெளியே அக்கா கைதட்டினாள்.

உள்ளே மண்புழு கூழாங்கல்லிடம், "கொஞ்சம் தள்ளி உட்காருங்கண்ணே," என்றது.

"தள்ளிப் போக முடிஞ்சா நான் எப்பவோ வெளியே போயிருக்க மாட்டேனாடா?" என்றது கல்.