சாகாத ஷெட்

"நாப்பது நாளு சாமி. ரெண்டாயிரம் கோழி. ஒண்ணு கூடச் சாவலை!"

காளியண்ணன் சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு மகளைப் பெருமையாகப் பார்த்தார். சேலத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்த நிலா, மேசைமேல் இருந்த சர்க்கரை மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். பிரிக்கவே இல்லை.

"மாத்திரையை நிறுத்திட்டீங்களாப்பா?"

"மூணு நாளாச்சு. இப்ப மூலிகைப் பொடிதான்."

"வாட்ஸப்புல வந்ததை நம்பியா?"

"எவன் நம்புனான்? வீடியோவுல நாலு பேரு குணமாச்சுன்னு பேசுனா அது ஆராய்ச்சி ஆயிராது, குடுத்தும் பாக்கோணும், குடுக்காமயும் பாக்கோணும்னு நீதான சொல்லுவே? அப்படியே செஞ்சேன். ஒண்ணாம் ஷெட்டுத் தீவனத்துல பொடி. ரெண்டாம் ஷெட்டுல வெறும் தீவனம். உங்காளுங்க எலிக்குக் குடுத்துப் பாப்பாங்க. நம்மகிட்ட எலி இல்ல, கோழி இருக்குது."

நிலாவுக்குச் சிரிப்பு வந்தது. "ரெண்டாம் ஷெட்டுல எத்தனை செத்துச்சு?"

"இருபத்தி மூணு. கூண்டுக்கு நாலு கோழி. தெனம் எட்டு மணிக்கு நானே நடந்து பாத்துக் குறிச்சேன். பொடி குடுத்தவருக்குப் போட்டோவும் அனுப்பிச்சேன். மூணு நின்னா ஒண்ணு போச்சுன்னு கணக்கு. ஒண்ணாம் ஷெட்டுல எந்தக் கூண்டைப் பாத்தாலும் நாலு. அதுக்கப்புறந்தான் நானே வாயில போட்டேன். இப்ப என்ன சொல்றே விஞ்ஞானி?"

அவள் சொன்ன முறைதான். ஆனால் அந்தப் பூஜ்யம் உறுத்தியது. நோயே இல்லாத ஷெட்டில்கூட மாதம் பத்துப் பதினைந்து கோழிகள் சாகும்.

"இன்னொரு சொம்பு கொண்டா சாமி. வெயிலு தாங்கலை."

வெளியே வானம் மூடிக் கிடந்தது.

தண்ணீரைக் கொடுத்துவிட்டு நிலா ஒண்ணாம் ஷெட்டுக்குள் போனாள். அப்பா சொன்னது சரி. கூண்டுக்கு நாலு. ஆனால் முதல் கூண்டில் மூன்று கோழிகள் சிவந்த கொண்டையோடு நிற்க, நான்காவது கழுத்து இறகு உதிர்ந்த கிழடாக இருந்தது. அடுத்த கூண்டிலும் ஒரு கிழடு. அதற்கடுத்ததில் இரண்டு.

அவள் வேகமாக நடந்தாள். முட்டை நின்றுபோன கிழட்டுக் கோழிகள் கறி லாரிக்காகக் காத்திருப்பது மூணாம் ஷெட்டில். அவற்றை யாரும் எண்ணுவதில்லை. எப்போதும் காதைப் பிளக்கும் அந்த ஷெட்டில் இன்று விளக்குமாற்றுச் சத்தம் மட்டும் கேட்டது. கூண்டுகள் வரிசையாகத் திறந்து கிடந்தன.

"லாரி வந்துட்டுப் போயிருச்சாக்கா?"

"இன்னும் வரலீங்க அம்மிணி." கூட்டிக்கொண்டிருந்த பூவாத்தாள் நிமிர்ந்தாள்.

"அப்ப இங்க இருந்த கோழியெல்லாம்?"

"ஒண்ணாம் ஷெட்டுல இருக்குதுங்க. அந்த ஷெட்டைப் போட்டோ புடிக்கறோம், அங்க ஒரு கூண்டும் காலியாத் தெரியக் கூடாதுன்னு ஐயா மொத நாளே சொல்லிட்டாங்க. விடியறதுக்குள்ள செத்ததைக் குழியில போட்டுட்டு இங்கிருந்து புடிச்சு ரொப்பிருவேன். ஐயாவுக்குக் கண்ணு மங்கலு, கால் புண்ணு வேற, குழிப் பக்கம் வாரதில்லீங்களே."

"எத்தனைக்கா?"

"நானூறு இருக்கும்ங்க."

வீட்டிலிருந்து அப்பாவின் குரல் வந்தது. "நிலா! தண்ணி!"

பூவாத்தாளின் விளக்குமாறு நின்றது.

"ஐயா எப்பருந்துங்க அம்மிணி இப்படித் தண்ணி கேக்கறாங்க?"

"நான் வந்ததுலருந்தே கேக்கறாரு. ஏங்க்கா?"

பூவாத்தாள் வீட்டுப் பக்கம் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"அந்த நானூறும் இப்படித்தானுங்க. ஒரு பகலு பூராத் தண்ணிக்குழாயை விட்டு மூக்கை எடுக்காது. மறுநாள் விடியறப்பக் கெடக்கும்."