சரியாக உட்காராத கூரை

"மாஸ்டர், சாயங்காலத்துக்குள்ள இதைச் சரி பண்ணித் தரலேன்னா எனக்குக் கல்யாணமே நடக்காது!"

மெக்கானிக் மாஸ்டர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அந்த மஞ்சள் ஸ்போர்ட்ஸ் காரின் கூரையை இரண்டு கையாலும் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். கழற்றி மாட்டுகிற கூரை. ஒரு பக்கம் கச்சிதமாக உட்கார்ந்தது. மறுபக்கம், பக்கத்து சீட்டுக்கு நேர் மேலே, ஒரு மூலை மட்டும் விரல் நுழைகிற அளவுக்குத் தூக்கிக்கொண்டு நின்றது.

"கல்யாணத்துக்கும் கூரைக்கும் என்ன தம்பி சம்பந்தம்?"

"இன்னிக்குத்தான் அவங்களை முதல் தடவையா கார்ல கூட்டிட்டுப் போறேன். வானம் எப்படி இருட்டிட்டு வருதுன்னு பாருங்க. இந்தச் சந்து வழியா தண்ணி நேரா அவங்க தலையிலதான் ஊத்தும்!"

'அவங்க' யாரென்று மாஸ்டருக்குத் தெரியும். பல் டாக்டர். அவளுடையதும் இதே மாடல், இதே மஞ்சள். போன மாதம் சர்வீஸுக்கு வந்தபோது இதே ஷெட்டில்தான் அறிமுகம். இவனுடைய அப்பாவும் அவளுடைய அம்மாவும் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருக்க, இவன் அவளிடம் இன்ஜினைப் பற்றி அளந்து தள்ளினான். அதில் பாதி தப்பு என்பதை மாஸ்டர் இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை.

"வீட்டுல தெரியுமா?"

"அப்பாவே காலைல சொல்லிட்டாரு மாஸ்டர்! 'அந்தப் பொண்ணை சாயங்காலம் நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டு வாடா, ஒரு நல்ல விஷயம் பேசணும்'னு. அம்மா போனதுலேருந்து சிரிச்சே பார்க்காத மனுஷன், இப்ப கண்ணாடி முன்னால நின்னு பாட்டெல்லாம் பாடுறாரு."

"அவங்க உங்களைவிட மூத்தவங்க இல்ல?"

"ஒரே ஒரு வயசு. வயசுல என்ன மாஸ்டர் இருக்கு?"

மாஸ்டர் கூரையைப் பிடித்து நிறுத்துகிற கொக்கியின் போல்ட்டுகளைத் தளர்த்தினார். கூரையை இப்படி நகர்த்தினார், அப்படி நகர்த்தினார், முடுக்கினார். தூக்கியிருந்த மூலை அடங்கியது; உடனே பின்மூலை கிளம்பியது. அதை அடக்கினால் இது கிளம்பியது. கடுப்பாகி, கூரையையே கழற்றி ஒரு போர்வை மேல் கவிழ்த்துப் போட்டார்.

"இது என்ன தம்பி, பல்லு?"

உள்பக்க ஓரத்தில், சிரிக்கிற பல் படம் போட்ட குட்டி ஸ்டிக்கர்.

"ஐயோ மாஸ்டர்! அவங்க கிளினிக்குக்கு வர்ற குழந்தைங்களுக்குக் குடுக்கிற ஸ்டிக்கர் இது!" அவனுக்குக் காதுவரை சிவந்துவிட்டது. "எனக்கே தெரியாம வந்து ஒட்டிட்டுப் போயிருக்காங்க. மனசுல எவ்வளவு ஆசையை வச்சுக்கிட்டு..."

பீப் பீப் என்று ஹாரன் கேட்டது. வாசலில் இன்னொரு மஞ்சள் கார். பல் டாக்டர் இறங்கினாள்.

"மாஸ்டர், என் வண்டி கூரை விசிலடிக்குது, என்னன்னு பாருங்க. அட, நீங்களும் இங்கதானா? அப்பா போனதுக்கப்புறம் எதுக்கும் ஆசைப்படாத அம்மா, சாயங்காலம் உங்க வீட்டுக்கு அவசியம் போகணும்னு ஒத்தைக் கால்ல நிக்கிறாங்க. என்ன விஷயம்னு கேட்டா வெக்கப்படுறாங்க."

அவளுடைய அம்மாவும் சம்மதித்தாயிற்று! நம்ம ஆளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

மாஸ்டர் மட்டும் இரண்டு கார்களையும் மாறி மாறிப் பார்த்தார். அவளுடைய காரிலிருந்து கூரையைக் கழற்றி இவனுடைய காரில் வைத்தார். டக். இவனுடையதைத் தூக்கி அவளுடைய காரில் வைத்தார். டக். மழைத்தண்ணி என்ன, காற்றுகூட நுழையாது.

"ஒவ்வொரு வண்டிக்கும் அதோட கூரையை வச்சுப் பார்த்துத்தான் கொக்கியை முடுக்குவாங்க. ஒண்ணோடது இன்னொண்ணுக்கு உக்காராது." மாஸ்டர் கண்ணைச் சிமிட்டினார். "ரெண்டு பேரும் எங்கேயோ ஜாலியா கூரையைக் கழட்டிப் போட்டுட்டு, அவசரத்துல மாத்தி மாட்டியிருக்கீங்க. நடக்கட்டும், நடக்கட்டும்."

"சத்தியமா நாங்க எங்கேயும் போகலை!" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

"சரி, எப்பலேருந்து இப்படி?"

"ஞாயித்துக்கிழமையிலேருந்து." அதுவும் ஒரே குரலில்தான்.

"அன்னிக்கு நான் வண்டியைத் தொடவே இல்ல மாஸ்டர். கண் டாக்டரைப் பார்க்கணும்னு அப்பாதான் எடுத்துட்டுப் போனாரு."

"நானும் எடுக்கலை. சிநேகிதி வீட்டுக்குன்னு அம்மாதான்..." பல் டாக்டர் பாதியிலேயே நிறுத்தினாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. இன்ஜின் நிபுணருக்குத்தான் இன்னும் விளங்கவில்லை. போனை எடுத்து, ஸ்பீக்கரிலும் போட்டார்.

"அப்பா, ஞாயித்துக்கிழமை என் கார் கூரையைக் கழட்டுனீங்களா?"

மறுமுனையில் நீண்ட இருமல். "அது வந்துடா... நல்ல காத்து. ரெண்டு வண்டியையும் கடற்கரையில நிறுத்திட்டுப் பேசிக்கிட்டு இருந்தோம். திடீர்னு மழை பிடிச்சுக்கிச்சு. அவசரத்துல எது எதோடதுன்னு பார்க்கலை."

"பேசிக்கிட்டு இருந்தோமா? யாரோட?"

"யாருங்க போன்ல?" என்றது, அப்பாவுக்குப் பின்னால் ஒரு பெண் குரல்.

"அம்மா!" என்று கத்திவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள் பல் டாக்டர். அடுத்த நிமிஷம் அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவன் போனையே வெறித்துக்கொண்டு நின்றான். மாஸ்டர் ஸ்பேனரைத் துடைக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டார்.

"அவளும் அங்கதான் இருக்காளா? நல்லதாப் போச்சு!" அப்பாவின் குரலில் சந்தோஷம் பொங்கியது. "மழை வர்றதுக்குள்ள அக்காவைப் பத்திரமா வீட்டுக்குக் கூட்டிட்டு வாடா!"