செவ்வாய்க்கிழமை ஃபைல்

திரை அப்படியே உறைந்து நின்றது.

சௌம்யா மவுஸை ஆட்டிப் பார்த்தாள். அம்புக்குறி நகர்ந்தது, வேறு எதுவும் அசையவில்லை. ஃபோல்டர் வெளுத்துப்போய், அதன் நடுவே எழுத்தே இல்லாத ஒரு வெள்ளைப் பெட்டி நின்றது.

மேசைக்கடியில், சி.பி.யூ.வின் முன்பக்கம் செருகிய பென்டிரைவில் மட்டும் சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டிருந்தது. அப்படியானால் உள்ளே காப்பி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. காலையில் டிபன் பையில், சாம்பார் டப்பாவுக்கு அடியில் வந்த பென்டிரைவ் அது.

செவ்வாய்க்கிழமை கேமரா பதிவை அழித்துவிடச் சொல்லியிருந்தார் முதலாளி சிவராமன். அன்றுதான் பட்டறையின் பிரஸ் மெஷினில், அதை ஓட்டும் பஞ்சவர்ணத்தின் மூன்று விரல்கள் போயின. கை உள்ளே இருந்தால் மெஷினை நிறுத்த ஒரு சென்சார் உண்டு. அடிக்கடி நிறுத்தி வேலையைக் கெடுக்கிறதென்று அன்று காலை அதன் ஒயரைப் பிடுங்கச் சொன்னவர் அவர். நாளைக்கு ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் வந்தால், போன் பேசிக்கொண்டே கையை விட்டாள் என்று சொல்லப் போகிறவரும் அவர்தான்.

அழிப்பதற்கு முன்னால் ஒரு காப்பி. சௌம்யா செய்தது அவ்வளவுதான்.

கேபின் கதவு திறந்தது.

“இன்னாம்மா, அழிஞ்சிச்சா?”

“ஆயிட்டே இருக்கு சார். பெரிய ஃபைலு.”

சிவராமன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தார். நடப்பது அழிப்பா காப்பியா என்று எழுத்தில்லாத வெள்ளைப் பெட்டி யாருக்குச் சொல்லும்? காலை நீட்டினார். ஷூ நுனி பென்டிரைவுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது.

சௌம்யா தானாகச் சரிவதுபோலத் துப்பட்டாவை அந்தச் சிவப்பு விளக்கின் மேல் சரியவிட்டாள்.

டியூப்லைட் ஒருமுறை மங்கி மீண்டது. கரண்ட் போனால் கம்ப்யூட்டரைத் தாங்கும் யூ.பி.எஸ். செத்து ஒரு மாதமாகிறது. முதலாளி துள்ளி எழுந்தார்.

“டேய் கோகுலு, கம்ப்ரஸரை நிறுத்து. எல்லா மெஷினையும் நிறுத்து. லோடு தாங்காம இது பாதியில நின்னுடப் போவுது.”

மெயின்டனன்ஸ் பார்க்கும் கோகுல்நாத் ஒவ்வொன்றாக நிறுத்தினான். ஒரு நிமிடம் வேலை நின்றாலும் வானத்துக்கும் பூமிக்கும் குதிக்கிற மனிதர், மொத்த ஷெட்டையும் நிறுத்திவிட்டு அவள் திருட்டுக்குக் காவல் இருந்தார். சிரிப்பு வரவேண்டிய இடம். அவள் துப்பட்டா நழுவாமல் பிடித்துக்கொண்டாள்.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் கோகுல்நாத் வந்து நின்றான். அவன் முகத்தை அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. காப்பி முடியாமல் போய்விடுமோ என்று பயந்தாள். முடிந்துவிடுமோ என்றும் பயந்தாள்.

திடீரென்று வெளுப்பு விலகியது. பெட்டிக்குள் பச்சைக் கோடு வந்தது, எழுத்தும் வந்தது. சிவராமன் கண்ணாடியை இறக்கினார். அது மூக்கில் உட்காருவதற்குள் பெட்டி மூடிக்கொண்டது.

“போச்சா?”

“போயிடுச்சு சார்.”

அவர் கேபினுக்குள் போனபிறகு, பென்டிரைவில் வந்ததை ஒருமுறை ஓட்டிப் பார்த்தாள். அப்புறம்தான் செவ்வாய்க்கிழமையை உண்மையிலேயே அழித்தாள்.

ஐந்தரைக்கு மண்ணூர்பேட்டை மெயின் ரோட்டில் கோகுல்நாத் பைக்கோடு நின்றான். தினமும்போலப் புருஷன் தோளைப் பிடித்து ஏறி உட்கார்ந்தாள். காலையில் டிபன் பையில் பென்டிரைவை வைத்தவன், திரும்பிப் பார்க்காமலே கேட்டான்.

“முழுசா வந்துச்சா?”

“வந்துச்சு. சார் கை காட்டுறதும் கீது. ஒயரைப் புடுங்குற உன் மூஞ்சியும் கீது.”

அவன் தலையாட்டினான். வண்டி வீட்டுப் பக்கம் போகவில்லை, பஞ்சவர்ணம் இருக்கும் அயனம்பாக்கத்துக்குத் திரும்பியது.