பழைய பேட்டரி

காளிராஜின் இதயம் தாறுமாறாகத் துடிக்கும். பி.பி. மெஷின் நாடியைத் தப்பாகக் காட்டலாம், கையால் எண்ணுங்கள் என்று ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டர் சொல்லியிருந்தார். மனைவி மாரிசெல்வி தினமும் காலையில் அவர் மணிக்கட்டைப் பிடித்து, சுவர்க்கடிகாரத்தைப் பார்த்து எண்ணுவாள்.

போன மாதம் துடிப்பு சீரானது. நிமிடத்துக்குச் சரியாக அறுபது. நொடிமுள் நகரும்போதெல்லாம் ஒரு துடிப்பு.

“காப்பிய விட்டேம்லா, மாத்திரையும் வேல செய்யுது” என்றார்.

இன்று நொடிமுள் ஏழில் தயங்கி நின்று, பிறகு நகர்ந்தது. அவள் விரலுக்கடியில் நாடியும் அதே நேரம் நின்று, அதே நேரம் நகர்ந்தது.

“ஏட்டி, பேட்டரி தீந்துட்டு. மாத்திப் போடு.”

“பொறவு போடுதேன்.”

“இப்பவே போடு. நின்னுரப் போவுது.”

புது பேட்டரியோடு ஸ்டூலில் ஏறி நின்றாள். பழையதைக் கழற்றாமல் புதியதைப் போட முடியாது.